பந்தியில் உட்காராத சுவிசேஷம்

‘சுத்த சுவிசேஷம்’ என்று ஒரு சரக்கு நம் ஊர்களில் ரொம்ப நாளாக விற்பனையில் இருக்கிறது. ஊருக்கு ஒரு மைதானம், பந்தல், டியூப்லைட், குழாய் ஒலிபெருக்கி, மூன்று நாள் கன்வென்ஷன். பாவம், மனந்திரும்புதல், சிலுவை, இரத்தம், பரலோகம் என்று வரிசை மாறாமல் வரும். கேட்டு அழுகிற கூட்டத்தில் நம்ம சனம்தான் நிறைய. அந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து, ‘அய்யா, நம்ம சபையில கல்லறைத் தோட்டம் ரெண்டா இருக்கே, அதப் பத்தி வேதம் என்னா சொல்லுது?’ என்று கேட்டுவிட்டால் பிரசங்கியாருக்கு முகம் சுண்டிப் போகும். ‘பிரதர், அது சமூகப் பிரச்சினை. நாம சுவிசேஷத்துக்கு உண்மையா நிக்கணும். அதுல எதையும் கலக்கக் கூடாது’ என்பார். கலப்பு என்றால் இவர்களுக்கு அப்படி ஒரு பயம். கல்யாணத்திலும் அதே பயம்தான்.

சுவிசேஷமே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொல்லுகிற தோழர்கள் உண்டு. அவர்களோடு வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். சுவிசேஷத்துக்கு உண்மையாயிருக்க வேண்டும், உபதேசத்தில் ஒரு எழுத்தும் குறையக் கூடாது என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்தப் பேச்சு வேதத்தில் எந்தச் சண்டையில் வருகிறது? அதை மட்டும் பார்ப்போம். அவங்க வச்சிருக்கிற முழக்கோலையே வாங்கி அவங்கள அளந்து பார்ப்போம்.

கலாத்தியருக்கு எழுதின நிருபம், இரண்டாம் அதிகாரம். இடம் அந்தியோகியா. பேதுரு அங்கே வந்திருக்கிறார். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது எருசலேமிலிருந்து, யாக்கோபிடமிருந்து, சில பேர் வருகிறார்கள். பெரிய இடத்து ஆட்கள். அவர்களைக் கண்டதும் பேதுருவுக்கு உதறல். மெல்ல எழுந்து விலகிவிடுகிறார். அவர் விலகினதும் மற்ற யூத விசுவாசிகளும் விலகுகிறார்கள். கடைசியில் பர்னபாவே போய்விடுகிறார். பவுலோடு கூடவே நின்று ஊழியம் செய்த பர்னபா!

பேதுரு என்ன உபதேசத்தையா மாற்றினார்? இயேசு தேவகுமாரன் இல்லை என்றாரா? அவர் உயிர்த்தெழவில்லை என்றாரா? விசுவாசப் பிரமாணத்தில் ஒரு புள்ளியைக்கூட அவர் தொடவில்லை. சாப்பாட்டிலிருந்து எழுந்து போனார், அவ்வளவுதான். இன்றைய கணக்கில் அது ‘சமூகப் பிரச்சினை’. ஆனால் பவுல் அதைப் பந்தி விவகாரம் என்று விடவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் முன்னால், முகத்துக்கு நேரே எதிர்த்தார். நீங்கள் சுவிசேஷத்தின் சத்தியத்தை விட்டுக் கோணலாக நடக்கிறீர்கள் என்பதுதான் அவர் வைத்த குற்றச்சாட்டு. சுவிசேஷத்துக்கு உண்மையாயிருத்தல் என்கிற பேச்சு இங்கேதான் சூடாகிறது. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில்.

இன்னொன்றையும் பாருங்கள். விசுவாசத்தினால் நீதிமான் ஆக்கப்படுதல் என்ற உபதேசம் இருக்கிறதே, மார்ட்டின் லுத்தர் ஐரோப்பாவையே கலக்கியது அதை வைத்துத்தான். இவாஞ்சலிக்கல் ஆட்கள் தங்கள் உயிர்நாடி என்று சொல்வதும் அதைத்தான். அது அந்த நிருபத்தில் முதலில் எங்கே வருகிறது? இதே பந்திச் சண்டைக்கு அடுத்த வசனங்களில் வருகிறது. உன் பிறப்பும் உன் சடங்கும் உன்னைச் சுத்தமாக்கவில்லை, அப்படியிருக்க எந்த யோக்கியதையில் நீ பக்கத்தில் இருப்பவனை விட்டு எழுந்து போகிறாய் என்பதுதான் அங்கே வாதம். நம்ம பிரசங்கிமார் இந்தப் பந்தியைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் இருபத்தைந்து வாரம் பிரசங்கம் பண்ணுவார்கள். கொரிந்து சபையில் வசதிக்காரர்கள் முதலில் தின்று தீர்த்து, இல்லாதவர்கள் பசியோடு நின்றபோது, நீங்கள் சாப்பிடுவது ஆண்டவருடைய இராப்போஜனமே இல்லை என்று அதே பவுல் அடித்துச் சொன்னாரே, அதற்கும் இதே கதிதான்.

‘அது யூதன், கிரேக்கன் பிரச்சினை, நம்ம ஊர் சாதி வேறு’ என்று ஒரு பதில் வரும். வேறுதான். பேதுருவிடம் காட்டுவதற்காவது மோசேயின் நியாயப்பிரமாணம் இருந்தது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று வேதத்திலேயே எழுதியிருந்தது. அப்படி இருந்தும் அவருக்கு அடி விழுந்தது. நம்ம ஊர் முதலியாருக்கும் பிள்ளைக்கும் நாடாருக்கும் அந்தப் புத்தகத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது? நம்மில் பறையர் பள்ளரையும், பள்ளர் பறையரையும், இரண்டு பேரும் சேர்ந்து அருந்ததியரையும் தள்ளி வைக்கிறோமே, அதற்கு எந்த வசனம்?

இது இன்று நேற்று வந்த நோய் இல்லை. 1706ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். கொஞ்ச வருஷத்தில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. 1718ல் புது எருசலேம் கோயில் எழும்பியது. கூரை ஒன்று, உட்காரும் இடம் வேறு வேறு. வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். பேருதான் புது எருசலேம்.

அந்தச் சபையில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்தவர். கத்தோலிக்கராக இருந்து, தமிழில் அச்சான வேதத்தைப் படித்துவிட்டுத் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். உபதேசியார் ஆனார். தஞ்சாவூர்ச் சீமையில் அடி உதைகளுக்கு நடுவில் சபைகளைக் கட்டினார். மிஷனரிகளே அவரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். 1733ல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் குருப்பட்டம் பெற்ற முதல் புரொட்டஸ்டண்ட் தமிழர் அவர்தான். அடுத்து யாருக்கு என்று வந்தபோது இராஜநாயக்கன் பேரும் அடிபட்டது. ஆனால் 1741ல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. காரணம் எளிது. பறையன் கையால் வேளாளர் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள். இராஜநாயக்கன் 1771ல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்து செத்தார்.

யோசித்துப் பாருங்கள். அவர் பேசின சுவிசேஷம் நல்ல சுவிசேஷம். அவர் நடத்தின ஜெபம் நல்ல ஜெபம். அவர் கட்டின சபை நல்ல சபை. அவர் விரல் தொட்ட அப்பம் மட்டும் தீட்டு. அன்றைக்கு அந்த மிஷனில் ஒரு பவுலாவது எழுந்து, இது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதம் என்று சத்தம் போட்டு, அவர் தலையில் கைவைத்திருக்க வேண்டாமா? ‘சபை வளரணும், ஆட்கள் போயிடுவாங்க’ என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குத்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. (நம்ம சபைகளில் போதகரை ‘அய்யர்’ என்று கூப்பிடுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாராவது உட்கார்ந்து எழுதினால் நல்லது.)

நூறு வருஷம் கழித்துக் கொஞ்சம் ரோஷம் வந்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சரியான இவாஞ்சலிக்கல் ஆள், 1833ல் ஓர் உத்தரவு போட்டார். சபைக்குள் சாதி இருக்கக் கூடாது, உட்காருவதிலும் இராப்போஜனத்திலும் வேற்றுமை கூடாது என்றார். அவ்வளவுதான், வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே போனார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருக்கு என்ன பட்டம் தெரியுமா? சுவிசேஷ கவிராயர். அந்த சுவிசேஷ கவிராயர் வில்சனுக்கும் முன்பே, 1829ல், மிஷனரிகள் சாதியில் கைவைப்பது மடத்தனம் என்று எழுதி வைத்தவர். அவர் பாட்டை இன்றும் நாம் உருகி உருகிப் பாடுகிறோம். பாடுங்கள், நல்ல பாட்டுத்தான். அந்த எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சபையில் சொல்லுங்கள்.

1847ல் மதுரை அமெரிக்கன் மிஷன் இன்னும் ஒரு படி போனது. எல்லாச் சாதியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து வைத்து, அதில் உட்கார மறுத்த உபதேசியார்களை வேலையிலிருந்து நிறுத்தியது. 1850ல் சென்னையில் மிஷனரிகள் கூடி, சாதியை விட்டவனா என்பதற்குச் சேர்ந்து சாப்பிடுவதே அடையாளம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தியோகியாவை அவர்களும் படித்திருக்கிறார்கள் போல. ஒத்துக்கொள்ளாமல் நின்றது லைப்சிக் மிஷன். அதன் தலைவர் கார்ல் கிரால், சாதி சமூக வழக்கம்தான், அதில் அவசரமாகக் கைவைக்க வேண்டாம் என்று வாதாடினார். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த அதே கிரால்தான். பிறப்பினால் எல்லாரும் ஒன்று என்கிற குறளைப் பெயர்க்கும்போது கை என்ன செய்ததோ தெரியவில்லை. வெளியே போன வேளாளருக்கு லைப்சிக் கதவு திறந்திருந்தது.

இதைச் சொல்வதால் வெள்ளைக்காரரை நான் தோளில் தூக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அன்பின் விருந்து வைத்த அதே துரைமார் பங்களாவில் நம்ம ஆளுக்கு வராந்தாதான். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1910ல் எடின்பரோ மாநாட்டில் ஏறி நின்று, எங்களுக்கு உங்கள் தியாகத்தையும் பணத்தையும்விட நட்புத்தான் வேண்டும் என்று கேட்டது சும்மா இல்லை. இரண்டு வருஷத்தில் அவர் பிஷப் ஆனார். துரைக்கும் நாடாருக்கும் நடுவில் இருந்த பந்தி பற்றி அவர் கேட்டார். நாடாருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த பந்தி பற்றித் திருநெல்வேலியில் யார் கேட்பது?

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பழைய கணக்குக்குப் படிப்பாளித் தோரணையில் ஒரு பேரும் கிடைத்துவிட்டது. டொனால்டு மெக்கவ்ரன் 1897ல் இந்தியாவில், தமோ என்கிற ஊரில், மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். மத்திய இந்தியாவில் முப்பது வருஷம்போல வேலை செய்தவர். அவர் கண்டுபிடித்ததுதான் ‘ஓரினச் சபை’ கொள்கை. மனுசர் தங்கள் இன, மொழி, வர்க்க எல்லையைத் தாண்டாமலே கிறிஸ்தவராக ஆசைப்படுகிறார்கள், அதனால் அவர்களைத் தாண்டச் சொல்லாதே, அவரவர் கூட்டத்துக்குள்ளேயே சபையை வை, வேகமாக வளரும் என்பது அதன் சாரம். 1965ல் கலிபோர்னியாவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் மிஷன் பள்ளிக்குத் தலைவரானார். அங்கிருந்து இந்தச் சரக்கு உலகம் முழுக்கப் போயிற்று. விளைந்தது எங்கே? நம்ம நாட்டுச் சாதிக் காட்டில். அவருக்குச் சாதி என்பது உடைக்க வேண்டிய சுவர் இல்லை, சுவிசேஷம் ஏறிப்போக வசதியான பாலம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மெக்கவ்ரன் சாதி நல்லது என்று சொல்லவில்லை. முதலில் சீஷராக்கு, சீர்ப்படுத்துவது அப்புறம் என்றார். அந்த ‘அப்புறம்’ எப்போது வரும்? தரங்கம்பாடியில் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பவுல் அப்படி அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தால் அந்தியோகியாவில் இரண்டு சபை இருந்திருக்கும். இரண்டும் நன்றாகவே வளர்ந்திருக்கும். கணக்கும் பெரிதாகக் காட்டியிருக்கலாம்.

மெக்கவ்ரனை எதிர்த்தவர்களும் இவாஞ்சலிக்கல்காரர்கள்தான் என்பதை நம்ம மேடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். லத்தீன் அமெரிக்காவின் ரெனே பதிலா இந்தக் கொள்கையைப் புதிய ஏற்பாட்டை வைத்தே பிய்த்துப் போட்டார். 1974ல் லோசான் மாநாட்டின் உடன்படிக்கை, ஜான் ஸ்டாட் முன்னின்று எழுதியது, சுவிசேஷம் சொல்வதும் சமூக, அரசியல் காரியங்களில் இறங்குவதும் இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்றது. இதுவரை அதைப் புறக்கணித்ததற்கு மனம் வருந்துகிறோம் என்றும் எழுதியது. 2010ல் கேப்டவுனில் கூடியபோது, சாதி ஒடுக்குமுறையில் கிறிஸ்தவர்களுக்கும் பங்கு உண்டு என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள். லோசானும் கேப்டவுனும் போய் வந்தவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். வந்து இறங்கினதும் அந்தத் தாள் எந்தப் பெட்டிக்குள் போனது?

எங்கள் சேரிச் சபைக்கு ஒருமுறை பெரிய பிரசங்கியார் ஒருவர் வந்தார். மூன்று நாள் கூட்டம். பேச்சென்றால் பேச்சு, கல்லும் கரையும். மூன்று நாளும் மத்தியானம் டவுனிலிருந்து கேரியரில் அவருக்குச் சாப்பாடு வந்தது. ‘ஊழியருக்கு வயிறு ஒத்துக்காது’ என்று கூட வந்தவர் விளக்கம் சொன்னார். எங்க ஆயா எழுதப் படிக்கத் தெரியாதது. கூட்டம் முடிந்து வரும்போது கேட்டது: ‘ஏன்டா, ஆண்டவரு நம்ம வூட்டுக்கு வந்து நம்மகூட போஜனம் பண்ணுவாருன்னு மூணு நாளும் கத்துனாரே, இவரு ஒரு வாய் காப்பித்தண்ணி குடிக்கலியே? ஆண்டவருக்கு ஒத்துக்குற வூடு இவருக்கு ஒத்துக்காதா?’ கலாத்தியருக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் நான் எந்த வேதாகமக் கல்லூரியிலும் கேட்டதில்லை.

கிறிஸ்தவக் கல்யாண விளம்பரங்களைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்டிருக்கணும், ஞானஸ்நானம் எடுத்திருக்கணும், அபிஷேகம் வேணும், ஊழிய பாரம் வேணும். எல்லாம் சொல்லிவிட்டு, கூடவே சாதி, அதற்குள்ளே உட்பிரிவு. நிக்கொதேமு இராத்திரியில் வந்து, ஒருவன் மறுபடியும் எப்படிப் பிறப்பான் என்று கேட்டாராம். தமிழ்நாட்டில் கேட்டிருந்தால் பதில் சுலபம்: அதே சாதியில்தான் பிறப்பான்.

அம்பேத்கர் இதையெல்லாம் எப்போதோ பார்த்துவிட்டார். மதம் மாறிய தீண்டாதாரின் நிலை பற்றி அவர் எழுதி வைத்தது, 1989ல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது. இந்துவாக இருந்தபோது, உன் கஷ்டத்துக்குக் காரணம் உன் முற்பிறவி வினை என்றார்கள். கிறிஸ்தவனாக வந்தால், ஆதாம் செய்த பாவம் என்கிறார்கள். இரண்டிலும் இவனை ஒடுக்கினவன் தப்பித்துவிடுகிறான் என்பது அவர் சொன்னதன் பொருள். இந்த ஒரு பக்கத்துக்கு நம்ம சுவிசேஷ மேடைகள் இன்னும் பதில் சொல்லவில்லை. பாவம் என்று மூன்று நாள் பேசுகிறவர்கள், பீடி, சினிமா, குடி, நகை என்று எல்லாவற்றையும் பட்டியல் போடுகிறார்கள். தீண்டாமை அந்தப் பட்டியலில் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? குடித்தவனைச் சபைநீக்கம் செய்தது எனக்குத் தெரியும். சாதி பார்த்தவனைச் செய்ததை நான் பார்த்ததில்லை. அவர் சபைக் கமிட்டியில் இருப்பார்.

இரட்டை நாக்கு வேறு. 1950 குடியரசுத் தலைவர் ஆணை மூன்றாம் பத்தி கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956ல் சீக்கியரும் 1990ல் பவுத்தரும் உள்ளே வந்தார்கள். நமக்கு இன்னும் விசாரணைக் கமிஷன்தான். அதற்காக டெல்லியில் பேசும்போது திருச்சபைத் தலைவர்கள், கிறிஸ்தவத்திலும் சாதி இருக்கிறது அய்யா, கொடுமை இருக்கிறது அய்யா என்கிறார்கள். உண்மைதான், சொல்ல வேண்டியதுதான். ஊருக்கு வந்து பீடத்தில் ஏறினதும், கிறிஸ்துவுக்குள் சாதியே இல்லை என்கிறார்கள். எந்த வாய் சத்திய வாய்?

நம்ம ஆட்களையும் விட முடியாது. ஏ.பி. நிர்மல் 1981ல் பெங்களூரில் பேச ஆரம்பித்ததிலிருந்து தலித் இறையியல் என்று புத்தகம் புத்தகமாக வந்துவிட்டது. பெரும்பாலும் ஆங்கிலத்தில். சேரிச் சபைப் பீடத்துக்கு அது எத்தனை வந்தது? கல்லூரியில் விடுதலை இறையியல் எழுதித் தேறின நம்ம பையனே, பட்டம் வாங்கி ஊருக்கு வந்ததும், ‘ஆத்தும ஆதாயம், ஆத்தும ஆதாயம்’ என்று பழைய கேசட்டைப் போடுகிறான். இடமாற்றம் பயம், கமிட்டி பயம். பேதுருவின் அதே பயம். அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, எல்லாரும் பறட்டை அண்ணன் என்பார்கள், 2005ல் காலமாகிவிட்டார். அவர் ஒருத்தர்தான் இதைச் சனங்களின் பாட்டில் கொண்டுவந்தார். ஒரே உலை, ஒரே பானைச் சோறு, எல்லாரும் கொண்டுவந்து போட்டு எல்லாரும் அள்ளித் தின்பது, அதுதான் திருவிருந்து என்றார். பறையும் அடித்தார். அதைக் கேட்டுவிட்டு, கோயிலுக்குள் பறையா என்று மூக்கைப் பொத்தினவர்கள் உண்டு.

ஆகவே தலித் போதகர்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஒன்று கேட்கிறேன். அடுத்த கன்வென்ஷனுக்குப் பெரிய பிரசங்கியாரைக் கூப்பிடும்போது, தேதி கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தங்குவதும் சாப்பிடுவதும் சேரியில், இன்னார் வீட்டில் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். சம்மதம் என்றால் வரட்டும். இராப்போஜன ஆராதனையில் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். வாசித்துவிட்டு அப்பத்தைப் பிட்பதற்கு முன்னால், இந்தச் சபையில் யார் வீட்டில் யார் சாப்பிட்டதில்லை, யார் கல்லறைக்கு யாரை விடவில்லை என்று கேளுங்கள். எழுந்து போகிறவர்கள் போவார்கள். 1833லும் போனார்கள். பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு அன்றைக்கு அதை மட்டும் பேசுங்கள்.